ஒருவர் தண்டனையை இன்னொருவர் சுமப்பது நியாயமா? உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் வகுப்பில் வரும் ஞாயிறு ஏசாயா 53 எடுக்கிறேன். மற்றவர்களின் அக்கிரமத்தை ஒருவர் சுமக்கிறார் என்று சொல்லும் பகுதி அது; அந்த ஒருவர் இயேசு என்றுதான் நாம் வாசிக்கிறோம். பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள், எசேக்கியேல் 18:20-ஐ நீட்டுவார்கள். தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அங்கே பளிச்சென்று இருக்கிறது.

அண்ணனுக்கு விழுந்த அபராதத்தைத் தம்பி கட்டலாம். யார் வீட்டுப் பணம் என்று கோர்ட்டில் கேட்கப்போவதில்லை. ஆனால் அண்ணனுக்குப் பதில் நான் ஜெயிலுக்குப் போகிறேன் என்றால் எந்த நீதிபதி விடுவார்? 16-ஆம் நூற்றாண்டில் சோசினுஸ் என்ற இத்தாலிய இறையியலாளர் பிடித்ததும் இதே இடம்தான்: கடனை இன்னொருவர் அடைக்கலாம், தண்டனையை அப்படி மாற்ற முடியாது. "இயேசு மனமுவந்து ஏற்றார்" என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. தம்பியும் மனமுவந்துதானே வருகிறான்!

1941-இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இன்னொரு கைதிக்காகச் சாகப்போன கோல்பே பாதிரியாரை உதாரணமாகச் சொல்லாதீர்கள். பெரிய தியாகம், சரி. ஆனால் அங்கே தப்பியவரும் குற்றவாளி இல்லையே, தண்டித்தவர்கள்தானே அநியாயக்காரர்கள்.

சோசினுஸுக்கு டச்சு சட்ட அறிஞர் குரோஷியஸ் 1617-இல் எழுதிய மறுப்பை யாராவது எளிய தமிழில் விளக்கியிருக்கிறார்களா? இல்லாவிட்டால் நீங்களே நாலு வரி எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.