‘ஸ்பான்சரை வாபஸ் வாங்கிவிடுவேன்’ என்று மிரட்டினால்

2022இல் கல்யாணம் முடிந்து, கணவர் ஸ்பான்சர் செய்த 309 என்ற வாழ்க்கைத்துணை விசாவில் மெல்பர்ன் வந்தேன். 309 தற்காலிகமானது, நிரந்தர விசாவான 100 அதற்குப் பிறகுதான் வரும். நடுவில் இருக்கும் அந்தக் காலத்தை வைத்தே என் கணவர் என்னை மிரட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், “ஸ்பான்சரை வாபஸ் வாங்கிடுவேன், அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு ஏத்திடுவாங்க” என்பார். பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தது. ராத்திரி ஆனால் ரயில், பஸ்ஸில் போகும் என் மைக்கி கார்டின் பயணக் கணக்கைத் திறந்து, எந்த ஸ்டேஷனில் ஏறினாய், ஏன் அங்கே இறங்கினாய் என்று கேட்பார். அடித்தது மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான். அந்தக் கார்டு விசாரணை தினமும் நடந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒருமுறை தோள் வலிக்கு ஜிபியிடம், அதாவது பொது மருத்துவரிடம் போனபோது, மொழிபெயர்க்கிறேன் என்று கணவரும் கூடவே உள்ளே வந்தார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு 131 450க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அது அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை. எதிர்முனையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. “நீங்கள் கதையுங்கோ, நான் அப்பிடியே சொல்லுறன்” என்றார். பத்து மாதத்தில் முதல்முறையாக நடந்ததை எல்லாம் தமிழில் முழுசாகச் சொன்னேன். டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார், தோளில் இருந்த காயத்தின் அளவைக்கூட.

அந்தக் குறிப்புதான் பின்னால் எனக்கு ஆதாரமானது. கணவர் ஸ்பான்சரை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் விசாவை முடிவு செய்வது குடிவரவுத் துறை, அவர் இல்லை. உறவு உண்மையானது, அது இருந்த காலத்திலேயே வன்முறை நடந்தது என்று காட்டினால், பிரிந்த பிறகும் நிரந்தர விசா கிடைக்க வழி இருக்கிறது. கோர்ட் உத்தரவு கையில் இல்லாவிட்டாலும், நம் உறுதிமொழி வாக்குமூலத்தோடு டாக்டர், சமூகப் பணியாளர் போன்றவர்கள் தரும் ஆதாரங்களைக் கொடுக்கலாம்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இன்டர்வென்ஷன் ஆர்டர், அதாவது கணவரிடமிருந்து பாதுகாக்கும் உத்தரவு கேட்டேன். கட்டணம் கிடையாது. டியூட்டி லாயர் என்று கோர்ட்டிலேயே இலவசமாக ஒரு வக்கீல் பேசினார். என் முப்பது பவுன் நகையை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். அதையும் எழுதுங்கள் என்றார் அவர். 2019 முதல் விக்டோரியாச் சட்டம் வரதட்சணைத் தொல்லையைக் குடும்ப வன்முறைக்கு உதாரணமாகவே சொல்கிறது. விவாகரத்துக்குப் பன்னிரண்டு மாதம் பிரிந்திருக்க வேண்டும், அதற்காகக் காத்திருந்தேன். சொத்து வழக்கை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், விவாகரத்து உறுதியான பிறகு ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

* * *

அக்கா, உங்கள் கதையைப் படித்தேன். என் கதை வேறு. நான் கணவரின் மாணவர் விசாவில் துணையாக வந்தவள். நீங்கள் சொல்லும் விசா வழி எனக்குப் பொருந்தாது என்று ஒரு விசா வக்கீல் சொன்னார். சரி, நமக்கு எதுவுமே இல்லை என்று நினைத்து ஏழு மாதம் அடியை வாங்கிக்கொண்டு இருந்தேன்.

ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண் அவசர எண் 000க்குப் போன் செய்துவிட்டார். வந்த போலீஸ், என்ன விசா என்று கேட்கவே இல்லை. அங்கேயே பாதுகாப்பு நோட்டீஸ் எழுதி என் கணவரை வீட்டை விட்டு வெளியே அனுப்பினார்கள். இன்டர்வென்ஷன் ஆர்டர் எந்த விசாவில் இருந்தாலும் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் குடும்ப வன்முறை உதவி எண்ணான 1800 737 732இல் பேசினேன். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம். அவர்கள் சொல்லித்தான் லீகல் எய்டு என்ற சட்ட உதவி அமைப்புக்குப் போய்க் குடும்பச் சட்ட வக்கீலைப் பார்த்தேன். இப்போது என் பெயரிலேயே மாணவர் விசா எடுத்திருக்கிறேன். செலவு கனமானது, அண்ணன் கடன் வாங்கி அனுப்பினான்.

என்னைப் போலத் துணை விசாவில் வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விசா வக்கீல் வேறு, குடும்பச் சட்ட வக்கீல் வேறு. இரண்டு பேரையும் பாருங்கள். நான் ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.