லாஸ்ட் நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? – கல்லூரித் தளங்களைச் சோதித்துப் பார்த்த அனுபவங்கள்

ஜன்னலோரம்:

நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.ஏ. படிப்புக்கான இணையதளத்தைச் சீர்செய்யும் வேலை வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். துறைத்தலைவர் கேட்டது ஒன்றுதான்: "பழசா தெரியுது, கலரை மாத்திக் கொடுங்க." விண்ணப்பத்தைத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதற்கும் கலர்தான் காரணம் என்று நினைத்திருந்தார். கலரைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து பேரை உட்காரவைத்து, தளத்தைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

"அஞ்சு பேரா? வைவாவில இதைச் சாம்பிள்னு சொன்னா கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க." நியாயமான கேள்விதான். இப்படிப்பட்ட சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கைக் காட்டினேன். தளத்தில் இருக்கும் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதத்தில் ஒரு ஆள் போய் முட்டிக்கொள்வார். அடுத்தவர் முட்டுவதில் கொஞ்சம் ஏற்கனவே பார்த்ததாக இருக்கும், கொஞ்சம் புதிதாக இருக்கும். இப்படியே ஐந்தாவது ஆள் எழுந்து போவதற்குள் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஐந்து பேரும் ஒரே மாதிரியான ஆட்களாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதை நான் அப்போது சரியாக யோசிக்கவில்லை.

முதலில் வந்தவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். "நீங்கள் பி.காம். முடித்தவர். இந்தப் படிப்பில் சேர முடியுமா, மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்றேன். மனிதர் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு 'சார்' நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால் அது பரீட்சைதானே? மேலே ஓடிக்கொண்டிருந்த மார்க்கீ எழுத்தைத் துரத்தித் துரத்தித் தொட்டுப் பார்த்தார். அப்புறம் புரோஸ்பெக்டஸைத் திறந்தார். அது பக்கவாட்டில் ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப். போனைத் திருப்பினார், படமும் கூடவே திரும்பிக்கொண்டது. கழுத்தைச் சாய்த்துப் படிக்க முயன்றார். பதினொரு நிமிடம் ஆகியும் கட்டணம் கிடைக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கு சார்!"

ஒரு தளமோ கருவியோ பயன்படுத்த எளிதா என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தேன். அதிலும் மதிப்பெண்ணை வாரி வழங்கிவிட்டார். அந்தப் பட்டியலின் முதல் கேள்வியே "இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்" என்பது. அட்மிஷன் போடும் பக்கத்தை யார் அடிக்கடி பயன்படுத்த விரும்புவார்கள்? சரி, அந்தத் தாள்களை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்தவரைத் தனியாக வரச் சொல்லவில்லை, தோழியோடு வரச் சொன்னேன். இரண்டு பேரும் பள்ளி ஆசிரியைகள். ஒரே போனில் குனிந்துகொண்டு "ஏய், அங்க இல்லடி, கீழ பாரு", "இது போன வருஷத்துதுடி" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து எழுதினால் போதுமாக இருந்தது. தனி ஆளிடம் வாய்விட்டுப் பேசச் சொல்லிக் கெஞ்சுவதை அதோடு விட்டேன்.

அவர்கள் வசமாக மாட்டிக்கொண்ட இடம் 'லாஸ்ட் நேம்'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது காலியாக விடக் கூடாது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இருப்பது இனிஷியல், அதுவும் முன்னால். ஒருத்தி இனிஷியலைப் போட்டாள். 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்றது. புள்ளி சேர்த்தாள். 'சிறப்புக் குறிகள் கூடாது' என்றது. தோழி சொன்னபடி அப்பா பெயரைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. "அப்போ ஹால்டிக்கெட்ல என் பேரோட அப்பா பேரும் சேர்ந்து வருமா? மார்க்‌ஷீட்ல இனிஷியல்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாள். அலுவலகத்தில் விசாரித்தபோது, பெயர் திருத்தம் கேட்டு வரும் மனுக்கள் ஒரு பெரிய கட்டாகவே கட்டிவைக்கப்பட்டிருந்தன. அந்தக் கட்டுக்கும் இந்த நட்சத்திரத்துக்கும் இருந்த உறவை யாரும் யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது ஆள் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாவதாக வந்த பையன் தளத்தைத் திறக்கவே இல்லை. "நான் சர்டிபிகேட்டை எல்லாம் பிரவுசிங் சென்டர் அண்ணன்கிட்ட கொடுத்துடுவேன் சார், அவர் போட்டுடுவார்." மற்ற நாலு பேரிடமும் திரும்பக் கேட்டேன். மூன்று பேர் அதே பதில்! அவர்களை ஒரே வகை ஆட்கள் என்று எண்ணி நான் கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் அந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறவர் வேறு ஆள்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பிரவுசிங் சென்டருக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தேன். கடைக்காரர் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்: போட்டோ 50 கேபிக்குள், லாஸ்ட் நேம் = அப்பா பேர், பத்து நிமிஷத்துக்குள்ள சேவ் பண்ணு. எங்கள் தளத்தின் குறைகள் மொத்தமும் அந்த ஒரு தாளில் இருந்தன. அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஓடிபிக்காக ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்க முடியாது என்பதால் எல்லா விண்ணப்பத்திலும் தன் நம்பரையே கொடுத்துவிடுவார். தேர்வுத் தேதி, கட்டண நினைவூட்டல் எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். "மெசேஜ் அனுப்பினாலும் பசங்க கண்டுக்கிறதில்ல" என்று அலுவலகத்தில் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் கவுன்ட்டர்:

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, ஒரு கல்லூரியின் விசாரணைக் கவுன்ட்டரில் இருப்பவள். உங்களைப் போல ஒருவர் எங்களிடமும் வந்தார். அவர் கேட்ட முதல் பொருளே எங்கள் தொலைபேசி நோட்டுதான். யார் கூப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று நான் தேதி போட்டு எழுதி வைத்திருப்பேன். அதில் பாதிப் பக்கம் "ஹால்டிக்கெட் எங்கே இருக்கு?" என்பதுதான். தளத்தில் அது 'சி.ஓ.ஈ.' என்ற தலைப்புக்குள் இருந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்பதன் சுருக்கம் எங்களுக்குத் தெரியும், மாணவனுக்கு எப்படித் தெரியும்?

அவர் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் எழுதிக் கொண்டுவந்தார். மாணவர்களைக் கூப்பிட்டு, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொன்னார். எங்கள் மெனு அலுவலகப் பிரிவுகளின் வரிசையில் இருந்தது: நிர்வாகம், கல்விப் பிரிவு, நிதிப் பிரிவு. பிள்ளைகள் அடுக்கியதோ சேர்வதற்கு முன், படிக்கும்போது, முடித்த பிறகு என்று. மைக்ரேஷன் சர்டிபிகேட் சீட்டை மட்டும் எந்த அடுக்கிலும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள். அது என்னவென்றே பலருக்குத் தெரியவில்லை. மெனுவை மாற்றிய பிறகு நோட்டில் ஹால்டிக்கெட் அழைப்புகள் நன்றாகக் குறைந்தன. நிதிப் பிரிவுக்காரர்களுக்குத்தான் தங்கள் பெயர் முதல் பக்கத்தில் இல்லை என்று இன்னும் வருத்தம்.

செவிவழி:

எனக்குப் பார்வை இல்லை, கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒரு பாடத்திட்டத் தளத்தைச் சோதிக்க என்னை அழைத்தார்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானோடு போனேன். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் அது எதையும் வாசிக்காது, வெறும் மௌனம். அந்த மௌனமாவது எனக்குப் பழகியது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோதுதான் வேடிக்கை. யூனிகோடு அல்லாமல் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் என் காதில் "ஜே கே பி ஓ" என்று விழுந்தது. "பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியரிடம் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு பத்தி கேட்டார், அறிக்கை எதுவும் கேட்கவில்லை. கூகுளில் தேடினால் அந்தப் பக்கம் ஏன் வருவதே இல்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜன்னலோரம்:

அந்த ஹெட்ஃபோன் யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். தனிச்செய்தியில் ஒருவர், கடைசியில் என்ன மாறியது என்று கேட்டிருந்தார். லாஸ்ட் நேம் போய், 'மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயர்' என்று ஒரே கட்டம் வந்தது. கட்டணம் முதல் பக்கத்திலேயே எழுத்தாக வந்தது. மாணவர் எண், நிரப்பித் தருபவர் எண் என்று இரண்டு கட்டம் வைத்து, ஓடிபி எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் போகலாம், நினைவூட்டல் மாணவருக்குத்தான் என்று பிரித்தோம். பிரவுசிங் சென்டர்காரரை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டோம். கடையை விட்டுவிட்டு வர முடியாது என்றார், நாங்கள்தான் போனோம். பாதி நிரப்பியதும் எழுந்து போய், சுவரில் இருந்த தாளில் லாஸ்ட் நேம் வரியை மட்டும் அடித்தார். 50 கேபி வரி அப்படியே இருக்கிறது. அதை இன்னும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. மார்க்கீயை எடுக்கத் துறைத்தலைவர் சம்மதிக்கவே இல்லை, கொஞ்சம் மெதுவாக ஓட்டுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.