பழைய தமிழ்ப் பாடங்கள்: எழுத்துரு போட்டால் போதுமா, யுனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டுமா?

மாலைவகுப்பு (யாங்கோன்):
எங்கள் கோயில் மாலை வகுப்பின் கம்ப்யூட்டர் போன மாதம் படுத்துவிட்டது. கோப்புகளை மீட்டுப் புதிய லேப்டாப்பில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. பாடங்கள், தேர்வுத் தாள்கள், தேவாரத் தொகுப்பு, நன்கொடையாளர் பட்டியல் எல்லாமே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பினால் மறுபடியும் அதே கிறுக்கல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யுனிகோடுக்கு முழுவதையும் மாற்றலாமா? பிழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன்கடை (யாங்கோன்):
மாற்ற வேண்டாம் அக்கா. பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் உள்ளேயே போய்விடும், எந்தப் போனிலும் தெரியும்.

நான் 2014இல் போன் கடை வேலைக்கு வந்தேன். சிம் 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய வருடம். வந்தவர்கள் கேட்டதெல்லாம் போனில் பர்மிய எழுத்து தெரிய வேண்டும் என்பதுதான். யுனிகோடு எழுத்தைச் சரியாக அடுக்கிக் காட்ட அன்றைய போன்கள் பலவற்றால் முடியவில்லை. யுனிகோடு முறைப்படி அமையாத ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவைப் போட்டால் உடனே தெரிந்தது. நாடே அதில்தான் எழுதியது. பிறகு 2019 அக்டோபர் 1 முதல் யுனிகோடு என்று அரசு நாள் குறித்தது. பழைய போன் வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய செய்தியைப் படிக்க முடியாமல் ஓர் அம்மா போனை என்னிடம் நீட்டினார். அவர்கள் வீட்டு விஷயத்தை நான் வாசித்துச் சொன்னேன். எனக்கே கூச்சமாக இருந்தது. நன்றாக ஓடுகிற ஒன்றை நிறுத்தினால் அடி யாருக்கு விழும் என்று பார்க்க வேண்டாமா?

மோல்மேன் மகள்:
அந்த அம்மா பட்ட கஷ்டம் உண்மை, தம்பி. ஆனால் அதற்கு வித்திட்டது ஸோஜிதான். யுனிகோடில் மொன், ஷான், கரேன் என்ற சிறுபான்மை மொழிகளின் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் அது பர்மிய எழுத்தின் வடிவங்களை நிரப்பிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டார் மொன் இனத்தவர். ஸோஜி போனில் அவர்களால் தங்கள் மொழியை எழுத முடியாது. பெரிய கூட்டத்துக்கு ஓடியது, சின்னக் கூட்டத்துக்கு ஓடவில்லை. பர்மாவில் இருக்கும் தமிழர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஸோஜியில் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக அடிக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. உங்கள் பி.டி.எஃப்.-உம் அப்படித்தான். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஜே, கே, பி. ‘திருநாவுக்கரசர்’ என்று தேடினால் வராது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல்தான் விழும். பார்வையில்லாத பிள்ளைக்குப் போன் வாசித்தும் காட்டாது.

தட்டோன் பெரியவர்:
நான் மெஷினில் தட்டச்சு படித்தவன். ‘கெ’ அடிக்கக் கொம்பை முதலில் அடிப்பேன், பிறகு க. பேனாவும் அப்படித்தான் எழுதும். யுனிகோடு க-வை முன்னால் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கிறது.

அதைவிடப் பெரிய குறை வேறு. க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்பது நம் இலக்கணம். யுனிகோடு தலைகீழாக க-வை எடுத்துப் புள்ளி வைத்து க் ஆக்குகிறது. 247 எழுத்துள்ள மொழிக்கு 128 இடம். எண் வரிசைப்படி அடுக்கினால் ‘ன’ வந்து ‘ந’-வுக்கு அடுத்து நிற்கும். 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு டேஸ்16 என்ற குறிமுறையையும் ஏற்றுக்கொண்டது. குறை இல்லாமலா அப்படிச் செய்தார்கள்?

மோல்மேன் மகள்:
குறை இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அகரவரிசைக்குத் தனி விதி உண்டு, நல்ல மென்பொருள் எண்ணைப் பார்த்து அடுக்காது. கொம்பை முதலில் அடித்தாலும் உள்ளே சரியாக மாற்றிவைக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன, உங்கள் கைப்பழக்கம் அப்படியே இருக்கலாம். டேஸ்16இல் அடித்து என் அம்மாவின் போனுக்கு அனுப்பினால் அவரால் படிக்க முடியுமா? அதைச் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு (யாங்கோன்):
கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் இணையதளம் ஒன்று கிடைத்தது. நன்கொடையாளர் பட்டியல்தான் அவசரம். அதை முதலில் போட்டுப் பார்க்கட்டுமா?

போன்கடை (யாங்கோன்):
அக்கா, தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பட்டியலில் பெயர், முகவரி, போன் எண், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரை இருக்குமே. ஏற்றிய கோப்பு எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று அந்தத் தளம் சொல்கிறதா?

எங்கள் தொழிலில் நடந்ததைச் சொல்கிறேன். போன் வாங்கியவருக்குக் கடையே ஃபேஸ்புக் கணக்கைத் திறந்து கொடுக்கும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடை நோட்டில் இருக்கும். உதவி என்று நினைத்துத்தான் நானும் செய்தேன். நோட்டு மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஒரு நாள் அதை எரித்துவிட்டு, கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் கோயிலை நம்பித்தான் விவரம் கொடுத்தார்கள்.

மோல்மேன் மகள்:
இதில் தம்பி சொல்வதுதான் சரி. கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் மாற்றிகள் உண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர் அப்படி ஒன்று. இணையத்தைத் துண்டித்துவிட்டு மாற்றுங்கள். பழைய கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

தட்டோன் பெரியவர்:
மாற்றியதைச் சரிபார்ப்பது யார்? தேர்வுத் தாளில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் மாற்றும் மென்பொருள் அதையும் தமிழென்று நினைத்துக் குளறிவிடும். நான் பட்ட அனுபவம் இது.

மாலைவகுப்பு (யாங்கோன்):
சரி ஐயா, அப்படியானால் ஆங்கிலம் கலக்காத தேவாரத்திலிருந்து தொடங்குகிறேன். அச்செடுத்து அனுப்பினால் பிழை பார்த்துத் தருவீர்களா? பட்டியலை இணையமில்லாமல் நானே மாற்றுகிறேன். தேர்வு நெருங்குவதால் பிள்ளைகளுக்கு இப்போதைக்குத் தம்பி சொன்ன பி.டி.எஃப்.

தட்டோன் பெரியவர்:
அனுப்பம்மா. பெரிய எழுத்தில் அச்செடு. க் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.