கீசர் மேல் விழுந்த பழி

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குச் சென்ற ஆண்டு வர்ணம் அடித்து முடித்த சில நாட்களிலேயே, டிபி பாக்ஸில் (வீட்டு மின் இணைப்புகள் பிரியும் பெட்டியில்) உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காலை வேளைகளில் தானாக விழத் தொடங்கியது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது மின்கசிவு இருந்தால், இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அது. பெரும்பாலும் கீசர் ஓடும்போது விழுந்ததால் எல்லோருடைய சந்தேகமும் அதன் மேல்தான் இருந்தது.

முதலில் வந்தவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒயரிங் மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, பள்ளிக்கரணைப் பக்கம் எழும்பிய அடுக்குமாடிகளில் தொழில் பழகியவர். சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்வையாலேயே சொல்லிவிடுவார். கீசரின் எலிமென்ட் போய்விட்டது என்றார், மாற்றினோம், இரண்டே நாளில் மறுபடியும் விழுந்தது. ஆர்சிசிபியை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது: புது வீட்டில் ஒயர் இழுத்து, விளக்கு எரிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறவருக்கு, பத்தாண்டு கழித்து வரும் பழுதைத் துரத்திப் பழக வாய்ப்பே இருந்திருக்காது.

இரண்டாமவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வாஷிங் மெஷின் மோட்டாரைச் சோதித்து அதில் குறையில்லை என்றார். அது உண்மைதான், ஆனால் அதற்கு மேல் அவர் நகரவில்லை.

மூன்றாமவர் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டு படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் எதையும் கழற்றாமல், எப்போது விழுகிறது, அப்போது என்னென்ன ஓடியது, அதற்கு முன் வீட்டில் என்ன வேலை நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு கீசருக்கென்று டிபி பாக்ஸில் இருக்கும் தனி ஸ்விட்சான எம்சிபியை இறக்கிவிட்டு, அயர்ன்பாக்ஸையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒன்றாகப் போடச் சொன்னார். அப்போதும் விழுந்தது. "எம்சிபியை இறக்கினால் கரண்ட் வரும் பேஸ் மட்டும்தான் அறும் சார், அது திரும்பிப் போகும் நியூட்ரல் அப்படியே இருக்கும்" என்று சொல்லி, மெயினை அணைத்து, நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் இடையே, ஒயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் மெக்கரை வைத்துப் பார்த்தார். பால்கனிக்குப் போகும் ஒயரில் முள் பூஜ்யத்தில் நின்றது, அதாவது அந்த ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பால்கனி ஸ்விட்ச் போர்டைத் திறந்தால், வர்ணம் அடித்தவர்கள் பிளேட்டைத் திரும்ப மாட்டியபோது போட்ட நீளமான ஸ்க்ரூ கறுப்பு நியூட்ரல் ஒயரின் தோலைக் கிழித்து, எர்த்தோடு இணைந்த இரும்புப் பெட்டியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டில் எங்கே பெரிய லோடு ஓடினாலும், நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த ஸ்க்ரூ வழியாக எர்த்துக்குப் போக, ஆர்சிசிபி தன் கடமையைச் செய்திருக்கிறது.

காயம்பட்ட ஒயரை மாற்ற வேண்டியிருந்தது. வளைந்து போகும் பைப்பில் ஒயர் இழுப்பது தமக்குக் கைவராது என்று மூன்றாமவர் தயங்காமல் சொன்னதால், முதலில் வந்தவரையே மறுபடியும் அழைத்தேன். அவர் இருபது நிமிடத்தில் இழுத்து முடித்துவிட்டு, பெரியவரிடம் மெக்கரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நிலையில் கழற்றிய கீசர் எலிமென்ட் எங்கள் பரணில் கிடக்கிறது.