விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தோம்

அருமனைப் பக்கத்திலிருந்து

எங்கள் வீடு அருமனையைத் தாண்டி, கேரள எல்லைக்கு அருகில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. நான் மதுரைக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். சிக்கு எங்கள் மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி, நல்ல கறுப்பு. ரப்பர் மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்த்துத் திண்ணையில் வைப்போம். அதிலிருந்து ஒரு நாடாவை இழுத்து அவள் கடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பல் மாறப்போகிற வயசு, கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு ராத்திரி சோறும் மீனும் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். திங்கள் காலை முற்றத்தில் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குட்டிகள் விளையாடக் கூப்பிடும்போது அப்படித்தான் நிற்கும். என் மகன் சந்தோஷமாகப் பந்தை எறிந்தான். பந்து அவள் மூக்குக்கு முன்னால் உருண்டு வாழை மூட்டுக்குப் போனது. அவள் கண் அதன் பின்னால் போகவில்லை.

விளையாட்டுக்குக் குனியும் குட்டி ஒரு நொடியில் துள்ளி எழுந்துவிடும். வால் ஆடும், பார்வை நம் மேலேயே இருக்கும். சிக்கு அப்படியே நின்றாள், வால் காலுக்கு நடுவே. கொஞ்சம் கழித்துப் படுத்தாள், எழுந்தாள், இரண்டு சுற்று சுற்றினாள், மறுபடியும் அதே நிலை. வாயில் எதுவும் இல்லாமலே உதட்டை நக்கி நக்கி விழுங்கினாள். மத்தியானம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ஒரு தடவைகூட அழவில்லை. நான் ஏமாந்தது அதில்தான். வலித்தால் கத்தும் என்றே நினைத்திருந்தேன்.

மாமியார் ஓமத்தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சளாக வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டு மாமி பாதி பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். கொடுக்கத்தான் போனேன், அவள் வாயைத் திறக்கவில்லை. மனிதர்களுடைய பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இபுப்ரோஃபென் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அன்று சாயங்காலம் காட்டிய இடத்தில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் ஒட்டுப்பால் கடித்த விஷயத்தை நானும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் ரோட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். “குட்டிக்கு வலி” என்று நான் சொன்னதும், உதவியாளர் கை கால் இழுத்துக்கொண்டதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மலையாளத்தில் ‘வலி’ என்றால் இழுப்பு. என் வீட்டுக்காரர் குறுக்கிட்டு “வேதனை, வயிற்றில் வேதனை” என்ற பிறகுதான் சரியானது.

டாக்டர் முதலில் சிக்குவின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டுமாம். இவளுக்கு அதற்கு மேல் ஆனது. உடம்புச் சூடு 102 டிகிரி. நான் பதறினேன், நாய்க்கு அது சாதாரணம் என்றார். வயிற்றில் கை வைத்ததும் உடம்பு பலகை மாதிரி இறுகியது. “கடைசியாக எதைக் கடித்தாள்?” என்று கேட்டார். அப்போதுதான் ஒட்டுப்பாலைச் சொன்னேன். எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியவில்லை, காற்று அடைத்து வீங்கிய குடல்தான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்து, அன்று மாலையே ஆபரேஷன் செய்தார்கள். ஒரு சாண் நீள நாடா, சுருண்டு. கிண்ணத்தில் வைத்துக் காட்டியபோது அந்த ஒட்டுப்பால் நாற்றம் அப்படியே அடித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி எவ்வளவு என்று அவர்கள் ஊகத்தில் சொல்லவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஒரு படிவம் இருக்கிறது. முனகுகிறதா, புண்ணைத் திரும்பிப் பார்க்கிறதா, எப்படி நடக்கிறது, புண்ணைச் சுற்றி மெல்ல அழுத்தினால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுகிறார்கள். மொத்தம் 24. ஆறு வந்தாலே வலி மருந்து தேவையா என்று யோசிப்பார்களாம். முனகல் அதில் ஒரு கேள்வி மட்டும்தான்.

செங்கோட்டையிலிருந்து

அக்கா, அந்தத் துவைக்கிற கல்லைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது. புளியரையில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து இரண்டு குட்டிகள் கொண்டுவந்தோம், இரண்டரை மாதம். தடுப்பூசி அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆண் குட்டி கட்டிலுக்கு அடியில் முதுகை வில்லாக வளைத்து உட்கார்ந்திருந்தது. அதுவரை யாரையும் முறைக்காத குட்டி, வயிற்றுப் பக்கம் கை போனதும் உறுமியது. கோபக்காரனாகிவிட்டான் என்று சிரித்தோம். ராத்திரி ரத்தமாகப் போனது, வீடே தாங்காத நாற்றம். பார்வோ என்கிற வைரஸ் நோய்.

திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் குட்டி பிழைக்கவில்லை. பெண் குட்டிக்கு முதல் வாந்தி வந்ததுமே ஓடினோம், ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி அவள் தேறினாள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும் என்றார்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். தரையையெல்லாம் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினேன். ஊசி போடாத குட்டி எதையும் எங்கள் முற்றத்துக்கு இன்னும் விடுவதில்லை.

அருமனை, மறுபடியும்

தங்கச்சி, உங்கள் குட்டியை நினைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சிக்குவுக்குப் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. சாக்கு இப்போது உத்தரத்தில் தொங்குகிறது. நேற்று காலை முற்றத்தில் முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி மறுபடியும் அதே மாதிரி நின்றாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மகன் கையில் பந்து இருந்தது, எறியாமல் என் முகத்தைப் பார்த்தான். அவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, வாலை ஆட்டி, ஒரே துள்ளலில் அவன் காலடிக்கு வந்துவிட்டாள். சரி, எறி என்றேன்.