4ஜி2 போட்டால் சிலைட் பச்சையாக ஒளிர்கிறது, புளொட்டில் மட்டும் ஒன்றுமில்லை

பரந்தன்காரி:

வணக்கம். சொந்த இடம் பரந்தன். இப்போது தெற்கில் ஓர் ஆய்வுகூடத்தில் எம்ஃபில் செய்கிறேன். மாரி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது சும்மா இருக்க முடியாமல், டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க நுளம்பு பிடித்தேன். பின்வளவில் கிடந்த டிராக்டர் டயர், சிரட்டைகள், அம்மம்மாவின் பழைய ஆட்டுக்கல் என்று தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் போனேன். இரண்டு பின்னேரம் வயல்கரை மாட்டுக்கொட்டிலுக்கும் போனேன். "கம்பசுக்கு விட்டது நுளம்பு பிடிக்கவோ பிள்ளை?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார்.

ரியூப் ஒன்றுக்கு இருபதுபடி பன்னிரண்டு ரியூப். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அரைத்து, வடிகட்டி, வைரஸ் வளர்க்கப் பயன்படும் சி6/36 கலங்களில் ஊற்றி 28 பாகையில் ஏழு நாள் வைத்தேன். பிறகு அசற்றோனில் பதப்படுத்தி, வைரஸின் வெளியுறையிலுள்ள ஈ புரதத்தில் ஒட்டும் 4ஜி2 மொனோகுளோனல் அன்ரிபொடியும் அதற்கு மேல் ஒளிரும் இரண்டாவது அன்ரிபொடியும் போட்டுப் பார்த்தேன். 2, 5, 7 ஆம் ரியூப்கள் மூன்றும் அழகான பச்சை. வைரஸ் போடாத கலங்கள் இருட்டு. அதுவரை சரி.

அதே கலங்களைக் கரைத்து வெஸ்ரேன் புளொட் (புரதங்களை அளவுப்படி பிரித்து, தாளில் ஏற்றி, அன்ரிபொடியால் தேடுவது) செய்தால் ஒன்றும் வரவில்லை. ஈ புரதத்துக்கு 50 கிலோடால்டனுக்குச் சற்று மேலே கோடு விழவேண்டும். மூன்று தரம் செய்தும் வெறும் வெள்ளைத் தாள்தான். போன மாதம் கரண்ட் நின்று ஃபிரீசர் இளகியது, அதில் அன்ரிபொடி பழுதாகிவிட்டதோ? இன்னொன்று: இது டெங்குவின் நான்கு வகைகளில் எது என்று 4ஜி2 ஐ வைத்தே சொல்ல முடியுமா?

வடலி:

அன்ரிபொடி போய்விட்டது. புதிது வாங்குங்கள். இளகி உறைந்து இளகினால் எதுவும் மிஞ்சாது.

குளக்கட்டு:

வடலி, அவசரப்படாதீர்கள். அன்ரிபொடி செத்திருந்தால் சிலைட் எப்படி ஒளிரும்? (ஆனாலும் தங்கச்சி, இனிமேல் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப இளகவிடுவது நல்லதல்ல.)

சாம்பிள் பஃபரில் பீற்றா-மேர்க்கப்டோஎதனோல் போட்டுக் கொதிக்க வைத்தீர்களா? எல்லோரும் கை பழகியபடி அதைத்தான் செய்வோம். நானும் ஒரு வருடம் அப்படிச் செய்து, பக்கத்து மேசைக்காரர் மீது சந்தேகப்பட்டுத் திரிந்தேன்.

4ஜி2 ஒட்டுவது ஈ புரதத்தின் நுனியில் இருக்கும் ஒரு வளையத்தில். வைரஸ் நம் கலத்தின் சவ்வோடு இணைவதற்கு நீட்டுகிற பகுதி அது. அந்த வளையத்தை வளைத்துப் பிடித்திருப்பவை டைசல்பைட் பிணைப்புகள். மேர்க்கப்டோஎதனோல் அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடும். அறுந்த பிறகும் புரதம் தாளில் இருக்கும், ஆனால் 4ஜி2 க்குத் தெரிந்த வடிவம் இருக்காது. சிலைட்டில் வடிவம் குலையவில்லை, அதனால் ஒளிர்கிறது. மேர்க்கப்டோஎதனோலை விட்டுவிட்டு, கொதிக்கவும் வைக்காமல் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: முடியாது. அந்த வளையம் நான்கு டெங்குவிலும் மட்டுமல்ல, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், சிக்கா, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 4ஜி2 "டெங்கு" என்று சொல்வதில்லை, இவையெல்லாம் சேர்ந்த "ஃபிளாவிவைரஸ்" குழு என்று மட்டுமே சொல்கிறது. வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தில் ஹென்சல் குழுவினர் 1982 இல் இந்த அன்ரிபொடிகளை வெளியிட்டபோதே குழு முழுவதையும் பிடிப்பது எது, டெங்குவை மட்டும் பிடிப்பது எது என்று பிரித்துத்தான் காட்டினார்கள். குப்பியின் மேல் கடைக்காரர் டெங்கு என்று ஒட்டினால் நாமும் நம்பிவிடுகிறோம்.

வகை பிரிக்க வேறு நான்கு அன்ரிபொடிகள் வேண்டும்: டெங்கு-1 க்கு 15எஃப்3, 2 க்கு 3எச்5, 3 க்கு 5டி4, 4 க்கு 1எச்10. நான்கையும் தனித்தனிக் குழியில் போடுங்கள். கூடவே தெரிந்த வைரஸ் போட்ட சிலைட்டும் வேண்டும்.

ஒரு சின்னக் கதை. நீங்கள் பயன்படுத்தும் சி6/36 உங்கள் டயருக்குள் இருந்த அதே வரி நுளம்பின், ஏடிஸ் அல்போபிக்டஸின், கலங்கள்தான். பூனாவில் சிங் 1967 இல் குடம்பிகளை அரைத்து வளர்த்த கலங்களிலிருந்து இகாராஷி 1978 இல் பிரித்தெடுத்தது.

பழைய எம்எல்ரி:

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். 2017 இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, பெரும்பாலும் டெங்கு-2. அந்த நினைப்பில் 3எச்5 ஐ மட்டும் போட்டுவிட்டு இருக்காதீர்கள். நான்கும் போடுங்கள்.

என்எஸ்1 ஸ்ட்ரிப் (டெங்குவைக் கையோடு சோதிக்கும் பட்டி) கைவசம் இருந்தால் மிச்சமிருக்கும் நுளம்பு அரைப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் அன்ரிபொடிகள் தேடுவது வேறொரு புரதத்தை, ஈ புரதத்தை அல்ல. நோயாளியின் இரத்தத்துக்காகச் செய்தது, ஆனாலும் நுளம்பிலும் வேலை செய்யும். கோடு வராவிட்டால் மட்டும் அதை முடிவாக எடுக்காதீர்கள். வார்ட்டிலேயே இரண்டாம் தரம் டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 கோடு விழாமல் போவதுண்டு. உடம்பிலுள்ள பழைய அன்ரிபொடிகள் அதை முன்னமே பிடித்து வைத்துவிடும்.

எனக்கு உறுத்துவது மாட்டுக்கொட்டில். டயர் நுளம்பு வேறு, வயல் நுளம்பு வேறு. குளமும் வயலும் உள்ள இடத்தில் மாட்டைச் சுற்றி வருவது கியூலெக்ஸ். மூளைக்காய்ச்சலைக் காவுவது அதுதான். எண்பதுகளின் நடுவில் அனுராதபுரப் பக்கம் அந்தக் காய்ச்சல் பெரிதாக வந்தது. ஒளிர்ந்த 2, 5, 7 ஆம் ரியூப்களுக்குள் எது எது போனது?

பரந்தன்காரி:

மேர்க்கப்டோஎதனோல் இல்லாமல், கொதிக்க வைக்காமல் ஓடவிட்டேன். மூன்றிலும் கோடு! தாளைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், "நல்லது, சாப்பிட்டியோ" என்று பதில் வந்தது.

வகை பிரிப்பதையும் நேற்று முடித்தேன். 2 உம் 5 உம் 3எச்5 க்கு மட்டும் ஒளிர்ந்தன. 7 நான்குக்கும் இருட்டு, 4ஜி2 க்கு மட்டும் பச்சை. ஸ்ட்ரிப்பிலும் கோடில்லை.

கொப்பியைப் புரட்டினேன். 7 க்கு நேரே என் தங்கச்சியின் கையெழுத்து: "கொட்டில், காலில் வரி இல்லாதது". இரண்டாம் பின்னேரம் பிரித்து வைத்தது அவள்தான். ரியூபில் அரைக்காமல் மிஞ்சியிருந்த ஒன்றை லென்சின் கீழ் வைத்தேன். தும்பிக்கையின் நடுவில் வெளிறிய வளையம். கியூலெக்ஸ்தான்.

சேருக்குச் சொன்னேன். அதை இனிமேல் கலத்தில் வளர்க்கக் கூடாது, இங்குள்ள வசதி அதற்குப் போதாது என்று மிச்சத்தை மூடி முத்திரை வைத்து மைனஸ் எண்பதுக்குள் பூட்டிவிட்டார். ஆர்என்ஏ மட்டும் எடுத்து, திங்கட்கிழமை பிசிஆர் செய்யும் இடத்துக்கு அனுப்புகிறோம்.

தங்கச்சியிடம் ஏன் கலந்தாய் என்று கேட்டேன். "அதுவும் நுளம்புதானே அக்கா" என்கிறாள்.