அணுமின் நிலைய பெயின்ட் இன்ஸ்பெக்‌ஷன்: போகுமுன் எதைப் பழகணும்?

களியக்காவிளை_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. கொச்சியில் கப்பல், டாங்க் பெயின்டிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன், சிஐபி (கோட்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ்) லெவல் 2 இருக்கு. அடுத்த மாசம் அணுமின் நிலையக் கோட்டிங் இன்ஸ்பெக்டர் பயிற்சி. டிஎஃப்டி மீட்டர் (காய்ஞ்ச பெயின்ட் தடிமன் அளக்கிறது), டாலி (பெயின்ட் மேலே ஒட்டி இழுத்துப் பிடிப்பைப் பார்க்கிற சின்ன உலோகத் துண்டு) எல்லாம் அதேதானே? புதுசா என்ன படிக்கணும்?

குழித்துறை_அண்ணாச்சி:
கருவி அதேதான் தம்பி. கப்பலில் பெயின்ட் உரிஞ்சா துரு பிடிக்கும். கன்டெய்ன்மென்ட்டுக்குள்ளே, அதாவது உலையைச் சுற்றி மூடின கட்டடத்துக்குள்ளே உரிஞ்சா, விபத்து நேரத்தில் அந்தச் செதில் தண்ணியோட போய் சம்ப் (அடியில் தண்ணி சேருற குழி) வலையை அடைக்கும், உலையைக் குளிர்விக்கிற பம்புக்குத் தண்ணி குறையும். முதல்ல இது மனசில் பதியணும்.

ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) வழிகாட்டி டி5144 படி பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு மூணு சர்வீஸ் லெவல். ஒண்ணு கன்டெய்ன்மென்ட் உள்ளே. ரெண்டு, வெளியே கதிரியக்கக் கறை படிஞ்சா கழுவி எடுக்க வேண்டிய இடம். மூணு, வெளியேதான், ஆனா பெயின்ட் கெட்டா பாதுகாப்புக் கருவி கெடும். லெவல் 1 பெயின்ட்டைக் கதிர்வீச்சு கொடுத்து, நீராவி, சூடு, கெமிக்கல் ஸ்ப்ரேயில் வச்சுத்தான் தேர்வு பண்ணுவாங்க. அந்தத் தேர்வு செல்லுவது அதே ப்ரைமர், அதே டாப்கோட், அதே தடிமன் வரம்புக்கு மட்டும். கூட ஒரு கோட் அடிச்சா நல்லதுதானேன்னு விட்டுடாதே, அதுவும் ரிஜெக்ட்தான்.

பாறசாலை_டிஎஃப்டி:
நம்ம பக்கம் இடவப்பாதி மழையில் டியூ பாயின்ட்டை, அதாவது காற்றின் ஈரம் தண்ணியாப் படிய ஆரம்பிக்கிற சூட்டைக் கணக்குப் போட்டே பழகு. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா டியூ பாயின்ட் சுமார் 26.2. தகடு அதைவிட 3 டிகிரி கூட இருக்கணும், அதாவது 29.2. காலையில் தகடு 28 காட்டினா, ஈரப்பதம் 85 சதவீத வரம்புக்குக் கீழே இருந்தாலும் அடிக்கக் கூடாது. காற்றின் சூட்டை எழுதிட்டு தகட்டைத் தொடாம விடுறதுதான் அதிகம் நடக்கிற தப்பு.

பிளாஸ்ட் பண்ணின (துகள் வீசிச் சுத்தம் பண்ணின) தகட்டின் மேடுபள்ளத்தை, அதாவது ப்ரொஃபைலை அச்செடுக்கிற ரெப்ளிகா டேப்பில், அதன் அடி பிளாஸ்டிக் தாளான மைலாரின் 50 மைக்ரானைக் கழிக்கணும்: கேஜ் 112 காட்டினா ப்ரொஃபைல் 62. டிஎஃப்டிக்கு 10 சதுர மீட்டருக்கு ஐந்து ஸ்பாட், ஒவ்வொன்றிலும் மூணு ரீடிங். பிளாஸ்ட் பண்ணின வெறும் தகட்டு ரீடிங்கை முதல்லயே எடுத்து வை, கோட் அடிச்ச பிறகு அது கிடைக்காது.

களியக்காவிளை_பையன்:
டாலி பசையிலேயே பிரிஞ்சா அந்த நம்பரை எழுதலாமா அண்ணே?

பாறசாலை_டிஎஃப்டி:
எழுது, கூடவே "பசை முறிவு"ன்னும் எழுது. பெயின்ட் குறைஞ்சது அவ்வளவு தாங்கிச்சு, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். குறைந்தபட்ச அளவு 200 பிஎஸ்ஐ, ஏறக்குறைய 1.4 மெகாபாஸ்கல். அதுக்குக் கீழே பசை விட்டா டாலி முகத்தைத் தேய்ச்சு சுத்தம் பண்ணி, பக்கத்தில் புதுசா ஒட்டி இழு. பசை காய முழு நேரம் கொடு, அவசரப்பட்டால்தான் இது நடக்கும். கான்கிரீட்டில் இழுக்கிற முறை தனி, ஏஎஸ்டிஎம் டி7234. அங்கே பெரும்பாலும் கான்கிரீட்தான் பிய்யும், அதையும் அப்படியே குறி.

குழித்துறை_அண்ணாச்சி:
இன்னும் ரெண்டு. பேட்ச் நம்பர், கலக்கின நேரம், பாட் லைஃப் (கலக்கின பெயின்ட்டைப் பயன்படுத்தக்கூடிய காலம்) முடிஞ்ச நேரம், மீட்டர் நம்பர், அதன் காலிப்ரேஷன் தேதி எல்லாம் அந்த நேரத்திலேயே எழுதணும். சாயங்காலம் நினைவிலிருந்து நிரப்பின தாள் அங்கே செல்லாது.

பழைய கோட்டிங் பார்க்கிற வேலைக்கு ஏஎஸ்டிஎம் டி5163 படி. எரிபொருள் மாற்ற ஷட்டவுனில் முதல்ல முழுக்கக் கண்பார்வை: கொப்புளம், வெடிப்பு, செதில், உரிதல், துரு. சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் டெஸ்ட். உள்ளே நிற்கிற நிமிஷத்துக்கெல்லாம் டோஸ் (உடம்பு வாங்குற கதிர்வீச்சு) கணக்கு உண்டு, அதனால கையுறையோட மாக்கப் (பழக வச்ச மாதிரி) தகட்டில் டேப் தேய்ச்சு, டாலி ஒட்டிப் பழகிட்டுப் போ.